கறுப்புத் தாய்களின் ஆகஸ்ட்

மன்னார் மூர்வீதியில் நஸார் இப்போது என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்த ஒரே ஆள் தேத்தண்ணிக் கடை றஊப். அவரும் தெரியாதவர் போலவே கதைப்பார்.

“நானா, இப்ப என்ன கணக்கு போகுது?”

“கால்நடைக் கணக்கு.”

“மாடா, ஆடா?”

“நாலு கால்.”

“நாலு கால் எண்டாக் கதிரை மேசைக்கும் நாலு கால்தான்.” றஊப் தேத்தண்ணியை ஒரு கோப்பையிலிருந்து மற்றக் கோப்பைக்கு உயர்த்தி ஆற்றினார். “கழுதையா இருக்காது. கழுதையை எண்ணக் கந்தோர் ஏன்? வாசல்லயே வந்து நிக்குது.”

கடை வாசலில் ஒரு தாய்க் கழுதையும் குட்டியும் வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு நின்றன. வாங்குப் பலகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நஸாரும் சிரித்தார். பேச்சு எங்கே தொடங்கினாலும் றஊப் அதைக் கழுதையில் கொண்டுபோய் முடித்துவிடுவார். நஸாருக்கு அவர் செய்துவந்த உபகாரம் அது.

நஸார் அரசாங்கக் கச்சேரியில், மாவட்ட நிர்வாகக் கந்தோரில், புள்ளிவிவர அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர். இளவயதில் பேராதனையில் மேற்படிப்புப் படித்தபோது, சோள வழிகளை, அதாவது பரம்பரைகளை, ஒன்றோடொன்று கலந்து எந்தக் கலப்பு சிறந்தது என்று மதிப்பிடும் முறைகளைப் பற்றி ஆய்வு செய்திருந்தார். அதன்பிறகு முதலில் புத்தளத்திலும் பின்னர் மன்னாரிலும் கச்சேரிகளில் வேலை. வீடு, கிணறு, இடம்பெயர்ந்தோர், திரும்பி வந்தோர் என்று எண்ணியே காலம் போயிற்று. அந்தப் படிப்பை யாரும் கேட்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரு திணைக்களத்திலிருந்து அழைப்பு வந்தது. நானாட்டானுக்கு அப்பால் ஒரு பண்ணையில் மூன்று வழிப் பன்றிகளைக் கலந்து வளர்க்கிறார்கள், எண்கள் சேர்ந்துகொண்டே போகின்றன, பகுத்துச் சொல்ல ஆள் இல்லை, நஸார் சேர் செய்வாரா?

ஏழு நாள், ஒரு கிழமை முழுக்க, யோசித்தார். எண்ணுவது உண்பதாகாது என்று தனக்குள் முடிவு செய்தார். மௌலவியிடம் கேட்கவில்லை. அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்பதைவிட, கேட்டது அடுத்த தொழுகைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்பதே காரணம்.

மனைவி உம்மு குல்சூமிடம் மட்டும் சொன்னார். அவர் புத்தளத்தில் இருந்தார். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எல்லோரோடும் சேர்ந்து போன குடும்பம். போர் முடிந்ததும் நஸார் மாற்றம் கேட்டு ஊருக்குத் திரும்பி, வாப்பாவின் வளவில் இரண்டு அறை கட்டினார். பிள்ளைகள் படித்ததும் மணந்ததும் புத்தளத்தில். அவர்கள் வரவில்லை. பேரப்பிள்ளைகளை விட்டுவிட்டு உம்மு குல்சூமும் வரவில்லை. ஓய்வு பெற்றதும் நஸார் அங்கே போய் ஒரு மாதம் இருந்து பார்த்தார். எல்லோரும் அவரை அன்பாகத்தான் நடத்தினார்கள். காலையில் எல்லோரும் தத்தம் வேலைக்குப் போன பிறகு அவர் விறாந்தையில் பேப்பரோடு இருந்தார். மாதம் முடிந்ததும் மின்சாரப் பட்டியல் கட்ட வேண்டும் என்று சொல்லி மன்னாருக்கு பஸ் ஏறினார்.

“இவ்வளவு காலமும் மரியாதையா இருந்துபோட்டு, கடைசியில இதையா எண்ணுறீங்க?” என்று உம்மு குல்சூம் கேட்டார். அதற்குப் பிறகு வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. தினமும் மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பின் தொலைபேசியில் கதைப்பார்கள். என்ன சமைத்தீர்கள், முழங்கால் நோவு எப்படி, பேரன் ஓதப் போகிறானா. மூன்றும் முடிந்தால் ஸலாம் சொல்வார்கள்.

பண்ணையில் வெள்ளை வழிகள் இரண்டு, கறுப்பு வழி ஒன்று. ஒவ்வொரு வழியும் பல தலைமுறையாகத் தன் குடும்பத்துக்குள்ளேயே இணைசேர்த்து வளர்க்கப்பட்டது. அப்படிச் செய்தால் ஒரு வழியின் பன்றிகள் எல்லாம் ஒன்றுபோல அமையும். கூடவே மெலியும், குட்டிகளும் குறையும். இரண்டு வழிகளைக் கலந்தால் இழந்த பலம் திரும்பும். எவ்வளவு திரும்பும் என்பது சோடியைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு வழியையும் தந்தையாகவும் தாயாகவும் வைத்து எல்லாச் சோடிகளையும் பார்த்துவிடுவார்கள். நஸாரின் மேசையில் அது மூன்று வரியும் மூன்று நிரலும் கொண்ட கட்டம். வரி தந்தையின் வழி, நிரல் தாயின் வழி. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பால் மறக்கும் வயதுவரை உயிரோடு மிஞ்சிய குட்டிகளின் தொகையும் நிறையும்.

அந்தக் கட்டத்திலிருந்து ஒரு வழி எதனோடு சேர்ந்தாலும் பொதுவில் எப்படி என்று பிரித்தெடுக்கலாம். அதற்கு மேலாக ஒரு குறிப்பிட்ட சோடிக்குள் தனிப் பொருத்தம் உண்டா என்றும் பார்க்கலாம். நஸாருக்குப் பிடித்தது இவற்றுக்குப் பிறகு வருவது. கறுப்புத் தந்தைக்கும் வெள்ளைத் தாய்க்கும் பிறந்த குட்டியிலும், வெள்ளைத் தந்தைக்கும் கறுப்புத் தாய்க்கும் பிறந்த குட்டியிலும் இரத்தம் பாதிக்குப் பாதி. இரண்டுக்கும் இடையில் வேறுபாடு வந்தால் அது தாயின் வயிற்றிலிருந்தோ பாலிலிருந்தோ, அவள் குட்டிகளைப் பார்த்துக்கொண்ட விதத்திலிருந்தோ வந்திருக்க வேண்டும்.

எண்களை அனுப்பியவர் பண்ணைக்குப் பொறுப்பான மிருக வைத்தியர் செலீனா. தோட்டவெளிக்காரர், கணவரை இழந்தவர், அவருக்கு ஒரே மகள். சனிக்கிழமை பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பின் நஸார் அவரை அழைத்துச் சந்தேகம் கேட்பார். தொடக்கத்தில் செலீனா மிகக் கவனமாகக் கதைத்தார். “அந்த மிருகம்”, “அந்த உருப்படி” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

“டொக்டர், பண்டி எண்டே சொல்லுங்கோ,” என்றார் நஸார். “ஃபோனுக்குள்ளால வந்து ஒட்டாது.”

செலீனா சிரிப்பை நிறுத்த நேரமெடுத்தது. அன்றிலிருந்து சனிக்கிழமைக் கதை நீண்டது. கறுப்பு எட்டு என்ற இலக்கமுள்ள பன்றி வேலியைத் தூக்கி எறிந்தது, இரண்டாவது வெள்ளை வழியில் ஒரு கிடாப்பன்றி யாரைக் கண்டாலும் பின்னால் வந்து முட்டுவது எல்லாம் நஸாருக்குத் தெரிய வந்தன. பண்ணைக்கு அவர் ஒருநாளும் போனதில்லை. செவ்வாய்க்கிழமை தோன்றிய சந்தேகத்தைத் தானே தீர்த்துக்கொள்ள முடிந்தாலும் தீர்க்காமல் சனிக்கிழமைக்கு வைத்திருப்பார். அந்தக் கேள்வி முடிந்தால் கதை முடிந்துவிடும் என்பதற்காக இன்னும் ஒன்றிரண்டையும் சேர்த்து வைத்திருப்பார்.

ஜூலையில் கட்டம் நிறைந்தது. கறுப்பு தந்தையாகவும் வெள்ளை தாயாகவும் இருந்த பெட்டிகள் எல்லாவற்றையும் விட மேலே நின்றன. அதே கறுப்பு தாயாக இருந்த பெட்டிகள் எல்லாவற்றுக்கும் கீழே கிடந்தன. தலைமைக் கந்தோருக்கு அது போதுமாக இருந்தது. கறுப்புக் கிடா வேண்டுமென்றால் கறுப்புத் தாய்களை வைத்துத் தீனி போட வேண்டும். தாயாக உதவாத வழிக்கு அவ்வளவு செலவு எதற்கு? செப்டெம்பர் முடிவில் நஸாரின் அறிக்கை வந்தால் ஆராய்ச்சியை மூடிவிடலாம், கறுப்புகளை டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு முன் இறைச்சிக்கு அனுப்பிவிடலாம் என்றார்கள்.

ஆராய்ச்சி மூடினால் செலீனாவுக்கு நீர்கொழும்புக்கு மாற்றம் கிடைக்கும். மகள் அங்கேதான் இருந்தாள். ஜனவரியில் அவளுக்குத் தலைப்பிள்ளை.

“சேர், கெதியா முடிச்சுத் தாங்கோ,” என்றார் செலீனா. “அவளுக்கு இஞ்ச வர ஏலாது, பயணம் செய்யக் கூடாதாம். நான்தான் போகவேணும்.”

“முடிக்கலாம் டொக்டர்,” என்றார் நஸார்.

முடிக்கவில்லை. கறுப்புத் தாய்களின் எண்களில் ஒன்று அவரை உறுத்தியது. சராசரி குறைவாக இருந்தது மட்டுமில்லை, ஒழுங்கும் இருக்கவில்லை. சில ஈற்றுகளில் குட்டிகள் எல்லாமே தப்பியிருந்தன. சிலவற்றில் பிறந்த கிழமைக்குள்ளேயே பாதி செத்திருந்தன. பாலோ வயிறோ காரணமென்றால், ஒரே இரத்தம் ஓடும் தாய்கள் இவ்வளவு மாறுபடக் கூடாது. இது நியாயமான சந்தேகம். அறிக்கையைக் கொடுத்தால் சனிக்கிழமைகளும் போய்விடும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. பேனாவைப் பிடித்து நிறுத்துவது இந்த இரண்டில் எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. மேசையில் இருந்து அதையே யோசித்து ஒரு கிழமை போக்கினார்.

ஆகஸ்ட் நடுவில், சனிக்கிழமை வரும்வரை பொறுக்காமல் அழைத்தார். மறுபக்கத்தில் ஒலிபெருக்கியில் செபமாலை கேட்டது. சனம் இரைந்தது.

“டொக்டர், எங்க நிக்கிறீங்கள்?”

“மடு மாதா கோயில்ல, சேர். திருவிழாவெல்லோ! நாங்கள் வந்து ஒரு கிழமையாச்சு. மரத்துக்குக் கீழதான் கூடாரம்.”

“பண்ணையில ஆர்?”

“சீவரத்தினம் நிக்கிறார், வோச்சர். மிச்ச ஆக்கள் எல்லாம் இஞ்சதான். எங்கட ஆக்களை இந்த நேரம் பிடிச்சு வைக்க ஏலுமே?”

“இப்ப ஒண்டும் குட்டி போடுற நேரமில்லைத்தானே?”

“கறுப்புகள் போடுது. அது பயமில்லை சேர், அதுகளுக்கு ஆள் தேவையில்லை. வெள்ளையளுக்குத்தான் கிட்ட நிக்கவேணும். அதாலதான் வெள்ளையளை ஜனவரிக்கு வைக்கிறது. அப்ப எல்லாரும் நிப்பினம்.”



“ஒவ்வொரு வருஷமும் அப்பிடித்தானா?”

“ஓம், முதலில இருந்தே அப்பிடித்தான். ஏன் சேர்?”

“ஒண்டுமில்லை. திருவிழா முடிச்சு வாங்கோ.”

தொலைபேசியை வைத்துவிட்டுக் கணினியில் கட்டத்துக்கான மூல எண்களைத் திறந்தார். எத்தனையாம் ஆண்டு என்ற நிரல் இருந்தது. எந்த மாதம் என்ற நிரல் இல்லை. ஆராய்ச்சிக்கு ஒரு தாயிடமிருந்து வருடத்துக்கு ஓர் ஈற்றின் எண்கள்தான் எடுக்கப்பட்டன. ஆண்டு போதும் என்று செலீனாவிடம் சொன்னவர் நஸார்தான். மடுத் திருவிழாவை அறியாத ஆள் மன்னாரில் இல்லை. சின்ன வயதில் ஆகஸ்ட் வந்தால் பாதிக் கடைகள் மூடிக் கிடப்பதை அவரே பார்த்திருக்கிறார். அதையும் இந்தக் கட்டத்தையும் சேர்த்து யோசிக்க அவருக்கு ஒருமுறையும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் நானாட்டானுக்கு பஸ் ஏறினார். அங்கிருந்து முச்சக்கர வண்டி. ஓட்டுநர் பண்ணை என்ற சொல்லைக் கேட்டதும் அவருடைய தொப்பியைப் பார்த்தான்.

“பண்ணைக்கோ? அங்க என்னத்துக்கு ஐயா?”

“டொக்டரைப் பாக்க.”

“டொக்டர் மடுவிலயெல்லோ.”

“தெரியும். நீங்க விடுங்க.”

பண்ணை பனங்கூடலுக்குப் பின்னால் இருந்தது. தாழ்ந்த சுவர்கள், மேலே தகரம். நாற்றம் அவர் பயந்த அளவுக்கு இல்லை. வெக்கைதான் முகத்தில் அடித்தது. இரண்டு கையிலும் வாளியோடு வந்த மெலிந்த மனிதர் அவரைக் கண்டு நின்றார்.

“ஆர்?”

“நஸார். மன்னாரில இருந்து. கணக்குப் பாக்கிறவன்.”

“அட, நம்பர் சேரோ!” சீவரத்தினம் வாளிகளை இறக்கி வைத்தார். “டொக்டர் சொல்லுறவா. வாங்கோ, வாங்கோ.” பிறகு தயங்கினார். “உள்ளுக்கு நீங்கள்... எப்பிடி...”

“சுவருக்கு இந்தப் பக்கம் நிக்கிறன்.”

விடியற்காலையிலேயே கரண்ட் போய்விட்டதாம், மோட்டார் ஓடவில்லை. எல்லாக் கூடுகளுக்கும் சீவரத்தினம் கிணற்றிலிருந்து அள்ளிச் சுமந்துகொண்டிருந்தார். பின்வரிசையில் கறுப்புத் தாய்கள். ஒரு கூட்டின் சுவரில் வெள்ளைப் பூச்சால் எட்டு என்று எழுதியிருந்தது. வருடக்கணக்காக நஸார் பகுத்துக்கொண்டிருந்த எட்டு. அது வாயைப் பிளந்து இளைத்துக்கொண்டு கிடந்தது. ஈரம் காய்ந்த இடத்தில் படுக்க முடியாமல் எழும்பும், வேறொரு மூலையில் தொப்பென்று விழும். அது விழும்போதெல்லாம் குட்டிகள் சிதறி ஓடின. சுவரோரமாகச் சாக்கு மூடி ஏதோ கிடந்தது. சாக்குக்கு வெளியே ஒரு சின்னக் குளம்பு தெரிந்தது.

“வெள்ளையள் போடேக்க எப்பிடி?”

“ஜனவரியில குளிர்தானே. அதோட ஆளுக்கொரு பண்டி. டொக்டரே குட்டியளைத் துடைச்சு முலையில விடுவா. தாய் படுக்கேக்க அமத்தாம பாத்துக்கொண்டே இருப்பினம்.” சீவரத்தினம் வாளிகளை எடுத்தார். “இதுகள் தன்பாட்டில போடும் எண்டு விட்டிட்டுப் போறது. போடும்தான். பிறகு நான் ஒருத்தன் என்னத்தைச் செய்ய? இந்தா, தண்ணி அள்ளிக்கொண்டு வாறன்.”

அவர் கிணற்றடிக்குப் போன நேரத்தில் எட்டு மறுபடி எழும்பியது. நஸார் நின்ற சுவரோடு சரிந்து விழுந்தது. கீழே ஒரு குட்டி வீரிட்டது. பின்பாதி தாயின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் நசிந்து, முன்கால்கள் மட்டும் காற்றில் உதைத்தன.

“சீவரத்தினம்! இஞ்ச ஓடி வாங்கோ!”

கிணற்றுக் கப்பி கிறீச்சிட்டது. அவருக்குக் கேட்கவில்லை. குட்டியின் சத்தம் தேய்ந்துகொண்டு போயிற்று. நஸார் சட்டைக் கையைச் சுருட்டினார். சுவருக்கு மேலால் குனிந்து, ஒரு கையால் தாயின் முதுகைத் தள்ளி, மறுகையால் குட்டியைப் பிடித்து இழுத்தார். கையில் வந்தது ஈரமாக, சூடாக இருந்தது. நெஞ்சு விரலுக்குள் துடித்தது. ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்று கை தானாகவே மதிப்பிட்டது. மற்றக் குட்டிகள் இருந்த மூலையில் அதை இறக்கிவிட்டார். அது நொண்டிக்கொண்டே போய் அவற்றுக்குள் புகுந்தது.

சீவரத்தினம் வந்து அவருடைய கைகளைப் பார்த்தார். உடனே கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். நஸார் குந்தியிருந்து சுத்தமான மண்ணை அள்ளித் தண்ணீரோடு குழைத்து முழங்கைவரை தேய்த்தார். சீவரத்தினம் வார்த்தார்.

“எத்தினை தரம் சேர்?”

“ஏழு. மார்க்கத்தில அப்பிடித்தான். முதல் தரம் மண்.”

“ஒண்டு,” என்றார் சீவரத்தினம். ஒவ்வொரு வாளிக்கும் உரக்க எண்ணினார். ஏழானதும் வாளியைக் கவிழ்த்து வைத்தார். “பிஸ்கட் கிடக்கு, உடைக்காத பெட்டி. கடையில வாங்கினது. சாப்பிடுவீங்களோ?”

நஸார் கிணற்றுக் கட்டில் இருந்து இரண்டு பிஸ்கட் சாப்பிட்டார். சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் இருந்து அவருக்குக் கனகாலம். சீவரத்தினத்துக்கு அது தெரியாது. அவர் மோட்டாரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

திருவிழா முடிந்து செலீனா மன்னாரில் நஸார் இருந்து வேலை செய்யும் திணைக்களத்தின் சின்னக் கந்தோருக்கு வந்தார். முகம் வெயிலில் கறுத்திருந்தது. மேசையில் கச்சான் சரை ஒன்றை, வறுத்த நிலக்கடலைப் பொட்டலத்தை, வைத்தார்.

“மடுக் கச்சான், சேர். பண்ணைக்குப் போனீங்களாமே. சீவரத்தினம் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரியிறார், நம்பர் சேர் வந்தவர் எண்டு. எனக்கு நம்ப ஏலேல்ல.”

நஸார் ஒரு தாளில் ஒன்பது பெட்டிகளையும் வரைந்து, ஒவ்வொன்றிலும் மாதத்தை எழுதினார். வெள்ளைத் தாய்கள் உள்ள பெட்டிகளில் ஜனவரி. கறுப்புத் தாய்கள் உள்ள பெட்டிகளில் ஆகஸ்ட். செலீனா கச்சான் உடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“நாங்கள் ஒண்டையும் மறைக்கேல்ல சேர்.”

“தெரியும். வருஷம் மட்டும் போதும் எண்டது நான்தான். கறுப்புத் தாய் கூடாத தாயா, ஆகஸ்ட் கூடாத மாசமா எண்டு இதை வச்சுச் சொல்ல ஏலாது. ரெண்டும் ஒண்டோட ஒண்டு பின்னிக் கிடக்கு.”

“இப்ப என்ன செய்யலாம்?”

“மாத்திப் போடவேணும். கறுப்புகள் ஜனவரியில, வெள்ளையள் ஆகஸ்ட்டில.”

“ஜனவரிக்கு எண்டா செப்டெம்பரிலயே இணைக்கவேணும்.”

“ஓம்.”

“ஜனவரி,” என்றார் செலீனா மறுபடியும். தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினார். “நான் வெள்ளையளுக்கு ஆள் வேணும் எண்டு நம்பி எல்லாரையும் அதுகளுக்குப் பக்கத்தில விட்டன். கறுப்புகளுக்கு வேண்டாம் எண்டு நம்பி அதுகளைத் தனிய விட்டன். பாருங்கோ சேர், ரெண்டும் நம்பிக்கைதான்.” கொஞ்சம் சிரித்தார். மகளுக்கும் ஜனவரிதான் நாள். போகும்போது கச்சான் சரையை விட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்துத் தலைமைக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி அழைத்தார். இன்னும் ஒரு வருடத்துக்கு அனுமதி தரலாம், கறுப்புகளும் அதுவரை இருக்கலாம், ஆனால் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும் என்றார்.

“முதல் சுற்றில எல்லாக் குட்டியளையும் தராசில நிறுத்தது டொக்டர் செலீனா. திரும்பிச் செய்யிறதுக்கும் அவவேதான் இருக்கவேணுமா? அளக்கிற ஆள் மாறினாப் பிழை வரும் எண்டு நீங்க எழுதினா மாற்றத்தை நிப்பாட்டி வைக்கிறம். தேவையில்லை எண்டா அவவைப் போக விடுறம். நீங்கள் சொல்லுறதுதான்.”

“பாத்துச் சொல்லுறன்,” என்றார் நஸார்.

அன்று அவர் றஊப்பின் கடைக்குப் போகவில்லை. அளப்பவர் மாறக்கூடாது என்பது பாடப்புத்தகத்தில் உள்ள விஷயம். ஒருவர் தராசைச் சற்று முன்னதாகப் படிப்பார், இன்னொருவர் குட்டி அசையாமல் நிற்கும்வரை காத்திருப்பார். எந்த நிபுணரும் அந்த வாக்கியத்தில் பிழை காண மாட்டார். எழுதினால் இன்னும் ஒரு வருடம் சனிக்கிழமைகள் வரும். செலீனா அவரைக் குறை சொல்லவும் மாட்டார். கணக்கு அப்படிச் சொல்கிறது என்றால் நம்பிவிடுவார். அதை நினைத்தபோதுதான் நஸாருக்கு மேசையை விட்டு எழும்ப வேண்டும்போல இருந்தது.

எழும்பி முற்றத்தில் நடந்தார். வாக்கியத்தைச் சோதிக்க வழியில்லையா என்று யோசித்தார். வழி இருந்தது. முந்திய வருடம் செலீனா டெங்குக் காய்ச்சலில் படுத்தபோது வவுனியாவிலிருந்து ஒருவர் வந்து சில கிழமைகள் குட்டிகளை நிறுத்தார். அந்த எண்களும் கட்டத்துக்குள்தான் இருந்தன. தாயின் வழி, தந்தையின் வழி, மாதம், ஈற்றின் அளவு எல்லாவற்றையும் கழித்துவிட்டு, மிஞ்சியதில் யார் நிறுத்தார் என்பதற்குப் பங்குண்டா என்று பார்த்தார்.

இல்லை. வேறொரு முறையில் மறுபடி செய்தார். அதிலும் இல்லை. செலீனா நின்றாலும் ஒன்றுதான், நிற்காவிட்டாலும் ஒன்றுதான்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. பிறகுதான் விசைப்பலகையை இழுத்து எழுதினார்: ‘அளப்பவரால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. அதே அலுவலர் தொடர வேண்டிய அவசியமில்லை. ஈற்றுக் காலத்தில் எல்லாக் கூடுகளுக்கும் சம அளவில் ஆட்கள் நிற்க வேண்டும்.’ எந்தச் சொல்லையும் திருத்தாமல் அனுப்பினார்.

சனிக்கிழமை அஸருக்குப் பின் அழைத்தார்.

“டொக்டர், பாத்திட்டன். நீங்கள் இருந்தாலும் இல்லாட்டிலும் ஒண்டும் மாறாது.”

 மறுபக்கத்தில் சிரிப்பு. “இதைச் சொல்லத்தானா கோல் எடுத்தனீங்கள்?”

“ஓம். தலைமைக் கந்தோருக்கும் எழுதிப்போட்டன். நீங்கள் நீர்கொழும்புக்குப் போகலாம்.”

 மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“சேர், உங்களுக்கு...” என்று தொடங்கினார். “புது ஆள் வருவார். நல்ல பெடியன், யதுசன். சந்தேகம் இருந்தா அவரிட்டக் கேக்கலாம்.”

“கேக்கிறன்.”

“வேற என்ன சேர்?”

அந்தக் கிழமைக்கென்று அவர் வைத்திருந்த இரண்டு கேள்விகள் நினைவுக்கு வந்தன. இரண்டுக்கும் விடை அவருக்கே தெரியும். “வேற ஒண்டுமில்லை, டொக்டர்,” என்றார்.

யதுசன் ஒழுங்கான ஆள். ஜனவரி முழுக்க நாளும் நேரமும் போட்டு எண்களை மின்னஞ்சலில் அனுப்பினார். ஒரு சனிக்கிழமை நஸார் அழைத்தபோது, “எல்லாம் மெயில்ல போட்டிருக்கிறன் சேர், பாருங்கோ,” என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார். உண்மையாகவே எல்லாம் அதில் இருந்தது. கேட்க ஒன்றுமில்லை.

கறுப்பு எட்டுக்குப் பத்துக் குட்டிகள். பால் மறக்கும் வயதில் பத்தும் உயிரோடு இருந்தன. மற்றக் கறுப்புத் தாய்களிலும் சாவு அரிதாகவே இருந்தது. நஸார் எண்களைக் கட்டத்துக்குள் போட்டார். அடிமட்டத்தில் கிடந்த நிரல் மேலே ஏறி வெள்ளைகளோடு சேர்ந்து நின்றது. இது பாதி விடைதான். மீதிப் பாதிக்கு, ஆகஸ்ட் வெயிலில் வெள்ளைகள் என்ன செய்கின்றன என்று பார்க்க வேண்டும். அதுவரைக்கும் கறுப்புகளை யாரும் தொட முடியாது.

நீர்கொழும்புக்கு அழைத்தார். நீண்ட நேரம் அடித்த பிறகு எடுத்தார்கள். குழந்தை அழும் சத்தம் முதலில் வந்தது.

“சேரோ? சுகமா இருக்கிறீங்களா? பேத்தி, சேர். இந்தா, பாலுக்கு அழுறா...”

“நல்லம், நல்லம். டொக்டர், கறுப்பு எட்டு...”

“என்ன சேர்? கேக்கேல்ல. நான் பிறகு எடுக்கிறன், என்ன?”

“அவசரமில்லை. பிள்ளையைப் பாருங்கோ.”

அன்று பின்னேரம்வரை செலீனாவின் அழைப்புக்குக் காத்திருந்தார். மஃரிபுக்குப் பின் உம்மு குல்சூம் எடுத்தார். என்ன சமைத்தீர்கள் என்று கேட்டார். பருப்பும் கீரையும் என்றார் நஸார். குரல் நல்லா இருக்கே, ஏதும் விசேஷமா என்றார் அவர். இல்லை, சும்மாதான் என்றார் நஸார்.

மறுநாள் காலையில் றஊப் கடையில் கூட்டமில்லை. நஸார் வழக்கமான வாங்கில் இருந்தார். றஊப் தேத்தண்ணியை வைத்துவிட்டு அவருடைய முகத்தைப் பார்த்தார்.

“என்ன நானா, தனியச் சிரிக்கிறீங்க?”

“வேலை நல்லா வந்திருக்கு.”

“நாலு கால் வேலையா?”

“ஓம்.”

றஊப் சுற்றுமுற்றும் பார்த்தார். அடுத்த வாங்கில் ஒருவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

“கதிரை, என்ன?” என்றார் றஊப்.

நஸார் கோப்பையை எடுத்து ஊதினார்.

“ஓம்,” என்றார். “கதிரை.”